பாவு யாருது?

எங்கள் ஐயனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பல்லடம் பக்கமோ சோமனூர் பக்கமோ யார் தறிக்குடோனுக்குப் போனாலும், ஓடுகிற தறியைக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார். துணியைப் பெருவிரலால் நீவிப் பார்ப்பார். அப்புறம் அந்த வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்விதான்: "பாவு யாருதுங்க?"

விசைத்தறி ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தறி நம்முடையது, குடோன் நம்முடையது, கரண்ட் பில் கட்டுவது நாம், ராத்திரி ரெண்டு மணிக்கு நூல் அறுந்தால் எழுந்துபோய் முடிச்சுப் போடுவதும் நாம். ஆனால் பாவும் (தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல்) ஊடையும் (குறுக்கே ஓடுகிற நூல்) ஜவுளிக்காரர் கொடுத்தது என்றால் துணி அவருடையது. நமக்குப் பிக்குக் கணக்கில், அதாவது நெய்த ஊடை இழையை எண்ணி, கூலி. அந்தத் துணி பின்னால் எந்த ஊரில் என்ன விலைக்குப் போனாலும் நமக்கும் அதற்கும் பேச்சில்லை. பாவு சொந்தமாக இருந்தால் கதை வேறு. நட்டம் வந்தாலும் நம்முடையது, லாபம் வந்தாலும் நம்முடையது. விலை படியாவிட்டால் மடித்து அட்டாலியில் போட்டு வைக்கவும் நமக்கு உரிமை உண்டு.

சினிமாவில் பெரிய கம்பெனி, சின்னக் கம்பெனி என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் பட்ஜெட்டைத்தான் பேசுகிறார்கள். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2019-இல் கைக்காசைப் போட்டு ஒரு படத்தில் கூட்டுச் சேர்ந்தபிறகுதான் ஐயனுடைய கேள்வி எனக்கு வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது.

படம் என் நண்பனுடையது. பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள். பன்னிரண்டு வருசம் சென்னையில் உதவி இயக்குநராக இருந்துவிட்டு ஊருக்கு வந்து, "மாப்ளே, நம்ம ஊர்லயே நம்ம பேச்சுலயே ஒரு படம் எடுக்கலாம்டா" என்றான். காங்கயத்துக் கொறங்காட்டில், வேலியடைத்த மேய்ச்சல் காட்டில், மாடு மேய்க்கும் ஒரு கிழவியின் கதை. நாலு பேர் பணம் போட்டோம். ஒருவன் தென்னந்தோப்பை ரெண்டு வருசக் குத்தகைக்கு விட்டான். நான் நாலு தறியை விற்றேன். ஐயன் ஒன்றும் சொல்லவில்லை. "செரி, உன்ற இஷ்டம்" என்றதோடு சரி. வெள்ளகோயிலுக்கும் காங்கயத்துக்கும் நடுவே முப்பத்தோரு நாள் படப்பிடிப்பு. கிளுவை வேலிக்குள்ளே அந்த மாடுகள் மேய்வதைக் கேமராவில் முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து பார்க்கிற இடம்தான். இருந்தாலும்.

கோவை ஏரியாவுக்கு ஒரு விநியோகஸ்தர் கமிஷன் அடிப்படையில் எடுத்துக்கொண்டார். நம் சினிமா வியாபாரத்தில் தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: சென்னை, செங்கல்பட்டு, ஆற்காடு, மதுரை, திருச்சி, திருநெல்வேலி, சேலம், கோவை என்று. நீலகிரியும் ஈரோடும் திருப்பூரும் கோவை ஏரியாவுக்குள் அடக்கம். தமிழ்ப் படத்துக்கு நல்ல காசு வருகிற ஏரியாக்களில் ஒன்று. எங்களுக்குப் பதினாலு தியேட்டர் கிடைத்தது. அதில் பெரும்பாலும் காலை ஆட்டம் மட்டும்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணி ஆட்டத்துக்கு ஒரு தியேட்டரில் அறுபது பேர் வந்தார்கள். சனிக்கிழமை நூற்றுப் பத்து. படம் பார்த்த ஒரு பெரியவர் நண்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஆத்தாளப் பாத்தாப்பல இருந்துதுங் கண்ணு" என்றார். ஞாயிற்றுக்கிழமை போனால் வாசலில் எங்கள் போஸ்டர் மேல் வேறு போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பசை இன்னும் ஈரமாக இருந்தது.

மேனேஜர் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார். "கூட்டம் ஏறுதுங்க, எனக்குத் தெரியாமயா? உங்க படத்துக்கு இன்னொரு வாரம் குடுத்தா நிக்கும். ஆனா இப்ப ஒரு படம் வருதுல்லங்க, அது ஓடாதுன்னு எங்களுக்கே தெரியும். அதைப் போட்டாத்தான் அடுத்த மாசம் அவங்க பெரிய படத்த எங்களுக்குக் குடுப்பாங்க. தீவாளிக்குப் பெரிய படம் இல்லாம நா தியேட்டர் நடத்த முடியுங்களா?"

அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. அவர் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் அந்த டீயைக் குடித்து முடிக்க முடியவில்லை. எங்கள் படம் நன்றாக இருக்கிறதா, கூட்டம் வருகிறதா என்பதற்கும் அது ஓடுமா என்பதற்கும் சம்பந்தமே இல்லை என்று ஒருவர் அன்பாக எடுத்துச் சொல்கிறார்.

பிற்பாடு தேடித் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, இந்தக் கதை எழுபது எண்பது வருசப் பழசு, இதற்கு ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பே இருக்கிறது என்று. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் பாரமவுண்ட், எம்ஜிஎம்மின் தாய்க் கம்பெனியான லோயஸ், வார்னர் பிரதர்ஸ், ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், ஆர்கேஓ என்று ஐந்து கம்பெனிகள். படம் எடுப்பதும் அவர்களே, விநியோகிப்பதும் அவர்களே, ஓட்டுகிற தியேட்டரும் அவர்களுடையதே. மற்ற தியேட்டர்க்காரர்களுக்கு ஒரு நல்ல படம் வேண்டுமென்றால் அதோடு கட்டாகப் பல சுமாரான படங்களையும் சேர்த்து வாங்கியாக வேண்டும். மேனேஜர் டீக்கடையில் எனக்குச் சொன்ன அதே ஏற்பாடு. 1938-இல் அரசாங்கம் வழக்குப் போட்டது. இழுத்து இழுத்து 1948 மே மாதம் தீர்ப்பு வந்தது. கட்டாக விற்பது கூடாது என்று ஆனது. அதன் தொடர்ச்சியாக அடுத்த சில வருசங்களில் அந்தக் கம்பெனிகள் தியேட்டர்களைத் தனியாகப் பிரித்துவிட வேண்டியதாயிற்று.

அந்தத் தீர்ப்பில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. 1945-இல் அந்த ஐந்து கம்பெனிகளுக்கும் பங்கு இருந்த தியேட்டர்கள் நாட்டின் மொத்தத் தியேட்டர்களில் 17 சதவீதம் சொச்சம்தான். இதைக் கேட்டால், அட, மீதி எண்பத்து மூன்று சதவீதம் வெளியில்தானே இருக்கிறது, சின்னவர்கள் அங்கே ஓட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் லட்சம் பேருக்கு மேல் வாழ்கிற நகரங்களில், படம் முதலில் வெளியாகிற தியேட்டர்களை மட்டும் எண்ணினால் 70 சதவீதம் அவர்கள் கையில்.

கீழ்பவானி வாய்க்காலைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். பவானிசாகரிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடுகிற வாய்க்கால். முழு வாய்க்காலையும் யாரும் சொந்தமாக வைத்திருக்க வேண்டியதில்லை. மேலே மதகு கையில் இருந்தால் போதும், கடைமடைக்காரன் நாற்றங்கால் விடலாமா வேண்டாமா என்பதை அங்கே உட்கார்ந்தே முடிவு செய்துவிடலாம். சினிமாவில் முதல் வாரம், நகரத்துத் தியேட்டர், சாயங்கால ஆட்டம், இவைதான் மதகு.

அந்த வழக்குக் காலத்தில், பெரிய ஐவருக்கு எதிராகச் சுயேச்சைத் தயாரிப்பாளர்கள் 1941-இல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். சார்லி சாப்ளின், மேரி பிக்ஃபோர்டு, ஆர்சன் வெல்ஸ் எல்லாம் அதில் இருந்தார்கள். வால்ட் டிஸ்னியும் இருந்தார். ஆமாம், அதே டிஸ்னி. அன்றைக்கு அவர் தியேட்டர் இல்லாத, தன் படத்தைக் கொண்டுசேர்க்க அடுத்தவரை நம்பியிருந்த சின்னத் தயாரிப்பாளர். பிறகு 1953-இல், தன் படங்களை விநியோகித்துவந்த ஆர்கேஓ ஒரு முழுநீள ஆவணப்படத்தை எடுத்துக்கொள்ளத் தயங்கியபோது, பியூனா விஸ்டா என்ற பேரில் சொந்த விநியோகக் கம்பெனி தொடங்கினார்.

அந்தக் கம்பெனி இன்று எங்கே நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். 2006-இல் பிக்சார், 2009-இல் மார்வெல், 2012-இல் லூகாஸ்ஃபிலிம், 2019-இல் 7,100 கோடி டாலருக்கு மேல் கொடுத்து ஃபாக்ஸ். வாங்கிய அதே வருசம் ஃபாக்ஸுக்குள் நடுத்தர பட்ஜெட்டில் கதைப்படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஃபாக்ஸ் 2000 என்ற பிரிவை மூடிவிட்டார்கள். ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கினால் நமக்கென்ன என்று கேட்கலாம். கதையைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்குத் தட்டுவதற்கு ஒரு கதவு குறைகிறது. சர்ச்லைட் என்ற பிரிவை மட்டும் விட்டுவைத்தார்கள், அங்கிருந்து நல்ல படங்கள் வரத்தான் செய்கின்றன. அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்தக் கதவு திறந்திருப்பது இப்போது வேறொரு வீட்டுக்காரரின் விருப்பம்.

1948-ஆம் வருசத்துத் தீர்ப்பின் கட்டுப்பாடுகளை 2020 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றமே ரத்து செய்துவிட்டது. காலம் மாறிவிட்டது, இப்போது வீட்டிலேயே படம் பார்க்கிறார்கள் என்பது போன்ற காரணங்கள். நம் நாட்டிலோ தயாரிப்பவர் தியேட்டர் வைத்திருக்கக் கூடாது என்று தனிச் சட்டம் எதுவும் இருந்ததில்லை.

இங்கே ஒரு விசயத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஆள் சொந்தமாக வைத்திருப்பது எப்போதும் கெடுதல் என்று நான் நினைக்கவில்லை. நினைத்தால் எங்கள் ஊர்ச் சரித்திரத்தையே மறுத்ததாகும். கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1905-இல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் தியேட்டர்களில் ஒன்று. அது பின்னாளில் டிலைட் ஆனது; தெருவுக்கு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர். படம் காட்டினவர் பிறகு படமும் எடுத்தார். 1933-இல் கல்கத்தா கம்பெனி ஒன்றோடு சேர்ந்து தயாரித்த வள்ளி திருமணம் நல்ல வசூல். ஆனால் அவருக்குப் பின்னால் டிவி கம்பெனியோ டெலிபோன் கம்பெனியோ இல்லை. கூடாரம் காற்றில் பறந்தால் நட்டம் அவர் வீட்டுக்குத்தான்.

சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ். திருச்செங்கோட்டில் பிறந்து, லீட்ஸுக்குப் போய் ஜவுளிப் படிப்புப் படித்து வந்த டி.ஆர். சுந்தரம், ஏற்காடு மலையடிவாரத்தில் 1930-களில் ஆரம்பித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். மலையாளத்தின் முதல் பேசும்படமான பாலன் 1938-இல் அங்கேதான் உருவானது. நடிகர்கள், எழுத்தாளர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் எல்லாருக்கும் மாதச் சம்பளம், கண்டிப்பான ஒழுங்கு, மில் மாதிரியே. சுந்தரம் 1963-இல் போய்விட்டார். இன்றைக்கு ஏற்காடு ரோட்டில் ஸ்டுடியோவின் வாசல் வளைவு மட்டும் நிற்கிறது. நான் சேலம் போகும்போதெல்லாம் அதன் எதிரில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

நான் அதிகம் யோசிப்பது கோவை பட்சிராஜாவைப் பற்றி. எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு முதலில் சிங்காநல்லூர்ப் பக்கம் சென்ட்ரல் ஸ்டுடியோவில் இருந்தார். பிறகு தனியாகப் பட்சிராஜா ஸ்டுடியோ. நாமக்கல் கவிஞர் எழுதிய மலைக்கள்ளனை 1954-இல் படமாக எடுத்தார். ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப் படம். அதோடு நிற்கவில்லை. அதே கதை தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என்று, தமிழோடு சேர்த்து ஆறு மொழியில் வந்தது. இந்தியில் திலீப் குமாரை வைத்து எடுத்த ஆசாத் 1955-இல் வந்து சக்கைப்போடு போட்டது. ஒரு கோயம்புத்தூர்க் கம்பெனி, நாமக்கல் கவிஞரின் கதையை பம்பாய்வரைக்கும் ஓட வைத்தது. எப்படி முடிந்தது? கதையும் நெகட்டிவும் கம்பெனியின் பீரோவில் இருந்தன. ஒரு மொழியில் எடுத்து முடித்ததும் அடுத்த மொழிக்கு யாரிடமும் போய்க் கைகட்டி நிற்க வேண்டியிருக்கவில்லை.

ஐயன் கேள்விக்கு நாயுடுவிடம் பதில் இருந்தது.

அதன்பிறகு மதகு கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. சாட்டிலைட் உரிமை என்று ஒன்று தயாரிப்பாளருக்குத் தனி வருமானமாகக் கிடைத்தது. எத்தனையோ படங்களின் கடனை அடைத்த பணம் அது. 2008-இலிருந்து அந்தக் குழுமம் சினிமாவிலும் நேரடியாக இறங்கியது. டிவி, எஃப்எம், 2005-இல் வாங்கிய தினகரன் பத்திரிகை எல்லாம் ஒரே வீட்டில் இருந்தால், தன் படத்துக்கு அந்த வீட்டுக்குள்ளேயே விளம்பரம் செய்துகொள்ளலாம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எந்த வியாபாரியும் தன் கடைச் சுவரில் தன் பொருளைத்தான் எழுதுவான். ஆனால் அதே வெள்ளிக்கிழமை வெளியாகிற சுயேச்சைக்காரன் அந்த ஒவ்வொரு நொடியையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். எங்களால் வாங்க முடிந்தது போஸ்டரும், ஆட்டோவில் மைக்கும்தான்.

ப்ரொஜெக்டரின் கதை இன்னும் விசித்திரம். என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, தாராபுரம் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸை லீசுக்கு எடுத்து நடத்தியவர். சின்ன வயதில் அவரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் படப்பெட்டிக்காகக் காத்திருந்திருக்கிறேன். பெட்டி வந்து சேர்ந்துவிட்டால் ஊரே நிம்மதியாகும். மெஷின் அப்புச்சியுடையது, கார்பன் குச்சி அவர் வாங்கியது. வந்த பெட்டியை ஓட்ட இன்னொருவர் அனுமதி வேண்டியதில்லை. இப்போது பெட்டி இல்லை. டிஜிட்டல் ப்ரொஜெக்டரைப் பல தியேட்டர்களில் சேவைக் கம்பெனிதான் வைத்துக் கொடுத்திருக்கிறது. படம் பூட்டிய நிலையில் வரும். திறப்பதற்குக் கேடிஎம் என்ற மின்சாவி அவர்கள் அனுப்ப வேண்டும். அதற்கான கட்டணத்தைத் தயாரிப்பாளர் கட்டுகிறார். 2018 மார்ச் 1 முதல் ஏறத்தாழ ஏழு வாரம் தமிழில் புதுப்படமே வெளியாகாமல் நின்றதே, அந்தப் போராட்டத்தின் மையம் இந்தக் கட்டணம்தான். கட்டணம் திரைக்கு இவ்வளவு என்று வரும். இருநூறு பேர் உட்கார்ந்தாலும் இருபது பேர் உட்கார்ந்தாலும் திரை திரைதான். பெரிய படத்துக்கு அது வசூலில் ஒரு துளி. எங்களுக்கு, காலை ஆட்டம் மட்டும் ஓடின ஒரு ஊரில், முதல் மூன்று நாள் எங்கள் பங்கு முழுக்க அதற்கே போனது.

தியேட்டர்களும் ஒன்றாகிவருகின்றன. சென்னையில் சத்யம் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த குழுமத்தை 2018-இல் பிவிஆர் வாங்கியது. 2023-இல் பிவிஆரும் ஐனாக்ஸும் ஒன்றாயின. இன்று நாடு முழுக்க 1,700 திரைகளுக்கு மேல் ஒரே கம்பெனியின் கையில். எந்தப் படத்துக்கு எத்தனை ஆட்டம் என்பதை ஊர்க்காரர் ஒருவர் வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்த காலம் அந்த இடங்களில் முடிந்துவிட்டது. எங்கள் மேனேஜராவது டீ வாங்கிக் கொடுத்தார்.

2020-இல் கொரோனா. தியேட்டர் எல்லாம் பூட்டு. அந்த மே மாத இறுதியில் ஒரு தமிழ்ப் படம் தியேட்டருக்கே போகாமல் நேராக அமேசான் பிரைமில் வந்தபோது நண்பன் போனில் கத்தினான்: "மாப்ளே, நமக்கு விடிஞ்சுருச்சு!" எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இனி காலை ஆட்டம் இல்லை, போஸ்டர் மேல் போஸ்டர் இல்லை, தீபாவளிப் படம் வேண்டுமே என்கிற மேனேஜர் இல்லை. காங்கயத்துக் கிழவியை ஜப்பானில் இருக்கிறவரும் பார்க்கலாம்.

ஒரு ரெண்டு வருசம் உண்மையாகவே நன்றாக இருந்தது. சின்னப் படங்களையும் வாங்கினார்கள். அப்புறம் மெல்ல மெல்ல, தியேட்டரில் ஓடின படத்துக்குத்தான் விலை என்று ஆனது. தியேட்டரில் ஓடுவதற்கு என்ன வேண்டும் என்பதைத்தான் மேலே சொன்னேனே. வாங்குகிற கைகளும் குறைந்தன. 2022-இல் எம்ஜிஎம்மை அமேசான் வாங்கியது. 2024 நவம்பரில் இந்தியாவில் ஸ்டாரும் ஜியோவும் ஒன்றாயின, அடுத்த பிப்ரவரியில் ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் ஒரே செயலி ஆயின. நேற்றுவரை இரண்டு வீட்டில் போய் விலை கேட்கலாம். இன்று ஒரு வீடு. நூல்காரர் இரண்டு பேர் இருந்தபோது கிடைத்த கூலியும் ஒருவர் ஆனபின் கிடைக்கிற கூலியும் சோமனூரில் எந்தத் தறிக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

போன வருசம் நண்பனுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஓர் ஓடிடி தளத்துக்கு எட்டுப் பகுதித் தொடர். கதை அவனுடையது; நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணி ஓடின காலத்தில் நடக்கிறது. செலவு முழுக்க அவர்கள் கொடுப்பார்கள், அதற்கு மேல் இவனுக்கு இத்தனை சதவீதம் என்று ஒரு தொகை. கைக்காசு ஒரு பைசா போட வேண்டாம். தறி விற்க வேண்டாம். நண்பனுக்கு அப்போது வட்டி கட்டவே முடியாத நிலை. ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். திண்ணையில் உட்கார்ந்து நான் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல ஐயன் கேட்டுக்கொண்டிருந்தார். கதை, திரைக்கதை, பாத்திரங்கள், தொடர்ச்சி எடுக்கும் உரிமை, பிறமொழி உரிமை, இன்னும் கண்டுபிடிக்கப்படாத வடிவங்களில் வெளியிடும் உரிமை, உலகம் முழுக்க, என்றென்றைக்கும், எல்லாம் அவர்களுக்கு.

ஐயன் கேட்டார்: "அப்ப பாவு அவங்குளுது."

நண்பன் ஒன்றும் பேசவில்லை.

"தப்பில்ல சாமி. நானும் கூலிக்கு ஓட்டியிருக்கறேன். வூட்ல அடுப்பு எரியோணுமல்ல. ஆனா கூலிக்கு ஓட்டறதயும் சொந்தத்துக்கு ஓட்டறதயும் ஒண்ணுன்னு நெனச்சறாத. இதா, இந்தக் கதையில வர்ற உன்ற அப்பாரு, அவர வெச்சு நாளைக்கி அவங்க என்ன வேணும்னாலும் பண்ணிக்கலாம். உன்னயக் கேக்க மாட்டாங்க."

கதையில் வருகிற சாயப்பட்டறைக்காரர் அவனுடைய அப்பாரு மாதிரி என்பதை நான் ஐயனிடம் சொல்லவே இல்லை. அவராகக் கண்டுகொண்டார்.

இதற்கு மாற்று வழியே இல்லை என்று நான் நம்பவில்லை. பிரிட்டனில் 1982-இல் சேனல் 4 தொடங்கினபோது, அது மக்களுக்குச் சொந்தமான டிவி. நிகழ்ச்சிகளைத் தானே தயாரிக்காமல் வெளிக் கம்பெனிகளிடம் வாங்க வேண்டும் என்ற ஏற்பாட்டோடு வந்தது. அதன் பணத்தில் எத்தனையோ சுயேச்சைப் படங்கள் எழுந்தன. 2003-இல் அங்கே ஒரு சட்டமும் வந்தது: பொது ஒளிபரப்பாளர்கள் வெளிக் கம்பெனியிடம் நிகழ்ச்சி வாங்கும்போது என்னென்ன உரிமைகளுக்கு என்ன கொடுக்கிறோம் என்று முறைப்படி வகுத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் நிகழ்ச்சியின் உரிமை தயாரித்தவரிடமே தங்குகிற வழக்கம் வந்தது. டிவி நிகழ்ச்சிகளுக்கான ஏற்பாடுதான், சினிமாவுக்கு அல்ல. ஆனால் சின்னக் கம்பெனிகள் ஒரு நிகழ்ச்சியைப் பல நாடுகளுக்கு விற்று வளர்ந்தது அதனால்தான். நாயுடு மலைக்கள்ளனைப் பல மொழியில் எடுத்ததைப் போல.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், வாளையாறு தாண்டினால் போதும். கேரள அரசுக்கு 1975-இலிருந்து திரைப்பட வளர்ச்சிக் கழகம் இருக்கிறது. கைரளி, ஸ்ரீ என்று அரசுத் தியேட்டர்கள், சித்ராஞ்சலி என்று அரசு ஸ்டுடியோ. 2024 மார்ச்சில் சி ஸ்பேஸ் என்று அரசே ஓர் ஓடிடியும் தொடங்கியது, பார்த்தால் பார்த்த அளவுக்குக் காசு. குறைகள் இருக்கும், இருக்கட்டும். மதகுகளில் ஒன்றாவது பொதுக்கையில் இருக்கிறது. இங்கே அப்படி ஒன்று வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன். சாயங்கால ஆட்டங்களில் சின்னப் படங்களுக்கு ஒரு பங்கு, ஓடாத படத்தைக் கட்டாகத் தள்ளக் கூடாது என்ற விதி, இவற்றைக் கேட்டு எழுதக்கூடத் தயாரிப்பாளர்கள் பயப்படுகிறார்கள். எழுதினால் அடுத்த படத்துக்கு யாரிடம் போவது?

நண்பன் ஒப்பந்தத்தில் ரெண்டே ரெண்டு இடத்தை மாற்றச் சொல்லிக் கேட்டு எழுதினான்: பிறமொழி உரிமை, தொடர்ச்சி உரிமை. மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு, இது எல்லாருக்கும் பொதுவான ஒப்பந்தம், மாற்ற இயலாது என்று வந்தது. அவன் கையெழுத்துப் போட்டான். நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன். வட்டிக் கணக்கு எனக்கும் தெரியும். இப்போது அந்தத் தொடரின் வேலையில்தான் இருக்கிறான்.

முதல் படம்? சாட்டிலைட்டுக்கு யாரும் கேட்கவில்லை, ஓடிடிக்கு யாரும் கேட்கவில்லை. போட்ட பணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. ஹார்ட் டிஸ்க் எங்கள் வீட்டு இரும்புப் பீரோவில், பத்திரங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் கடந்த மாசி மாதம் வெள்ளகோயில் பக்கத்து ஊர் ஒன்றில் நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, அதைத் திரையிட்டோம். தறிக்குடோனிலிருந்து அகலக் காடாத்துணி எடுத்துவந்து, நாலு மடிப்பாகத் தைத்து, கோயில் முன்னால் ரெண்டு பனைமரத்துக்கு நடுவே கட்டினோம். ஐயன் காற்றில் சுருங்காதபடி ஓரத்தில் கல் கட்டித் தொங்கவிட்டார். முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். மாடு கன்று போடுகிற காட்சியில் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் "அய்யோ சாமி" என்றார்கள். நண்பன் திரைக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தான்.

போன வாரம் தாராபுரம் பக்கத்திலிருந்து கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் அவனுக்குப் போன் செய்திருக்கிறார். அவர்கள் ஊர் நோம்பிக்கும் அந்தப் படம் வேண்டுமாம். கம்பெனிக்கு லெட்டர் எழுதோணுமா, சென்னையில் யாரிடம் கேக்கோணும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்.

"சென்னையெல்லாம் வேண்டாமுங்க," என்றானாம் இவன். "எங்கிட்டத்தானுங்க கேக்கோணும். எடுத்துட்டு வர்றேன், தேதிய மட்டும் சொல்லுங்க."